வெடிச்சத்தத்துக்குப் பிறகு
(திகில் எழுதுவது எப்படி? - 7)

விஸ்வநத்தத்தில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திடுக்கிடுவதில்லை. சிவகாசியை ஒட்டிய ஊர். சரவெடிச் சத்தத்தில் கைக்குழந்தைகூட அசராமல் தூங்கும். ஆனால் ஜன்னல் அதிர ஒரே ஒரு ‘டம்’ கேட்டால் கதை வேறு. தெருவே வாசலுக்கு வந்துவிடும். புகை எந்தப் பக்கம் என்று எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

“எந்தப் பயராபீஸ்க்கா?” பட்டாசு ஆலைக்கு இங்கே அதுதான் பெயர்.

“தெரியலயேடி. ஒங்க வீட்டுக்காரர் இன்னைக்கு எங்கிட்டு வேலைக்குப் போனாரு?”

உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்கிறாள். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. நின்றதும் மறுபடி அடிக்கிறாள்.

திகில் எழுத வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லப்படும் பாடம் ஹிட்ச்காக்குடையது. 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது சொன்னார். இரண்டு பேர் வெட்டிப்பேச்சு பேசுகிறார்கள், மேஜைக்கு அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது: பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் ஒரு மணிக்கு அது வெடிக்கப்போவதும் முன்பே தெரிந்திருந்தால் அதே வெட்டிப்பேச்சு 15 நிமிடம் நம்மை நெளியவைக்கும்.

பாடம் சொன்னவரே இதில் சறுக்கியும் இருக்கிறார். ‘சபோட்டாஜ்’ (1936) படத்தில் ஒரு சிறுவன் ஃபிலிம் டப்பாக்களோடு ஒரு பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறான். அது குண்டு என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வழியெல்லாம் தாமதம். கடைசியில் குண்டு வெடித்து, பையன் செத்துப்போகிறான். ஜனங்களுக்குக் கோபம் வந்தது. அது தப்புதான் என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அவ்வளவு நேரம் பதைக்கவைத்துவிட்டுப் பிள்ளையையும் கொன்றால் எவன் பொறுப்பான்?

ஆனால் அவர் கணக்கில் வெடித்ததும் தவிப்பு தீர்ந்துவிடுகிறது. விஸ்வநத்தத்துக்காரியின் தவிப்பு வெடித்த பிறகுதான் தொடங்குகிறது. என்ன நடந்தது என்று தெரியும்; யாருக்கு என்பதுதான் தெரியாது. நம் திகில் எழுத்தாளர்கள் கைவைக்காத இடம் இது. கதவு படாரென்று திறந்தது, பூனை பாய்ந்தது என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

கடிகாரம் இல்லாத குண்டும் இங்கே உண்டு. பட்டாசு ஆலையில் கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பார்கள். மிச்சம் வைத்தால் ராத்திரி ஈரக்காற்றில் அலுமினியப் பவுடர் தனக்குத்தானே சூடேறத் தொடங்கலாம். காலையில் அறையைத் திறப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். எந்த நேரம் என்பதை வாசகருக்கும் சொல்லாமல், மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி ஒரு கதையை நகர்த்திப் பாருங்கள்.

புதுமைப்பித்தன் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார். 1943-இல் கலைமகளில் வந்த ‘காஞ்சனை’யில் அலறல் காட்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நள்ளிரவில் ஒரு வாசனை, அதுவே பிண வாடையாகிறது. பிச்சை கேட்டு வந்தவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கதைசொல்லி அவள் பாதங்களைப் பார்க்கிறான், தரையில்தான் பாவியிருக்கின்றன. சாதாரண ஆசிரியர் பாதத்தை அந்தரத்தில் நிறுத்தியிருப்பார், அதோடு கதையும் முடிந்திருக்கும். இங்கே பேய் இல்லை என்ற சாட்சி கிடைத்த பிறகும் சந்தேகம் விடவில்லை. பிறகு மனைவியின் கழுத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ரத்தத்துளி. அதற்கும் விளக்கம் இல்லை. முடிவில் காஞ்சனையைக் காணவில்லை. போனாளா, போவது போலப் போனாளா என்று ஆசிரியர் வாயைத் திறக்கவே இல்லை. இன்னும் ஒரு பத்தி சேர்த்திருந்தால் கெட்டிருக்கும்.

நேர் எதிர்வழியில் போனவர் சுஜாதா. பேயா, விஞ்ஞானமா என்று தன் வக்கீல் ஜோடி கணேஷையும் வஸந்தையும் வாதாடவிட்டே ‘கொலையுதிர் கால’த்தைக் குமுதத்தில் வாராவாரம் நடத்தினார். அதன் அத்தியாய முடிவுகளை அடுத்த இதழில் பிரித்துப் பார்க்கலாம்.

(தொடரும்)