கம்பெனியின் கணக்கு தவறியது, கிராம்பு வேரூன்றியது

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ளது மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் பார்த்த குற்றால மலையில் கிராம்பு மரம் கிடையாது. இன்றோ தென்காசி மலைச் சரிவுகளிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிராம்புத் தோட்டங்கள் உள்ளன. ஒரு பெரிய வியாபாரத் திட்டம் குறி தவறியபோது நமக்கு மிஞ்சிய பயன் இது.

டச்சுக்காரர் பிடியில் இருந்த சரக்கு

கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் தாயகம் இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகள். டச்சுக் கம்பெனி அத்தீவுகளைப் பிடித்து, வேறு இடங்களில் இருந்த கிராம்பு மரங்களை வெட்டச் செய்து, விலையைத் தன் கையில் வைத்திருந்தது. 1770-ஆம் ஆண்டையொட்டி பிரெஞ்சுக்காரர்கள் கன்றுகளை மொரீசியசு தீவுக்குக் கடத்திச் சென்றனர். 1796-இல் ஆங்கிலேயர் அம்பாய்னா, பாண்டா தீவுகளைக் கைப்பற்றினர். 1802-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவற்றைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. தீவு கையில் நிற்காவிட்டாலும் மரம் கையில் இருக்கட்டும் என்பதே அன்றைய வியாபாரிகளின் எண்ணம்.

இந்த நிலையில்தான், 1800-ஆம் ஆண்டையொட்டி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றும், சாரலும், மலையடிவார மண்ணும் கன்றுகளுக்கு ஏற்றவையாக இருந்தன.

குறி தவறியது

மரம் பிடித்தது, வியாபாரம் பிடிக்கவில்லை. குற்றாலம் மொலுக்காவுக்குப் போட்டியாக வளரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கிராம்புச் சந்தை ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சான்சிபார் தீவின் கைக்குப் போய்விட்டது. இந்தியா இன்றும் தனக்கு வேண்டிய கிராம்பில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது.

இந்த மரங்களின் குணம் தெரிந்த விவசாயிக்கு இதில் வியப்பு இராது. விதைக் கன்று நட்ட கிராம்பு ஏழு, எட்டு ஆண்டுகள் கழித்தே பூக்கத் தொடங்கும். முழு மகசூலுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஓராண்டு நன்றாகப் பூத்தால் மறு ஆண்டு குறையும். ஜாதிக்காயிலோ ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்றில் பாதி ஆணாகப் போகலாம். பூக்கும் வரை அடையாளமும் தெரியாது. ஆண்டுக் கணக்குப் பார்க்கும் வியாபாரியின் அவசரத்துக்கு இவை கட்டுப்படுவதில்லை.

மிஞ்சியது என்ன?

நட்ட மரங்கள் நின்றன. இந்த மண்ணில் கிராம்பு வரும் என்பதற்கு அவையே சாட்சி. 1850-க்குப் பின் கிராம்புச் சாகுபடி நீலகிரிக்கும், திருவிதாங்கூரின் தென்பகுதிக்கும், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளுக்கும் பரவியது. இன்று கன்னியாகுமரி கிராம்பு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கம்பெனி எதிர்பார்த்த ஏகபோகம் கிட்டவில்லை. மலைத் தோட்டக்காரர்களுக்குப் பிழைப்பு கிட்டியது. கம்பெனி ஆட்சியே 1858-இல் முடிந்துவிட்டது. பலன் வந்தது பின்னால் வந்தவர்களுக்கு.

நம் தோட்டத்துக்குப் பாடம்

மேலகரம் வட்டாரத்து விவசாயிகள் இதைக் கதையாக மட்டும் கேட்டுவிட்டு விட வேண்டியதில்லை. கிராம்புக்கு ஈரப்பதமும், ஆண்டுக்கு 150 முதல் 250 செ.மீ. மழையும் தேவை. வேரில் நீர் தேங்கினால் மரம் பட்டுப்போகும். எனவே சிற்றாற்றுப் பாசன நெல் வயலுக்கு அது ஏற்றதல்ல. மலைச் சரிவே அதற்கு இடம். சமவெளியில் நிழலும் கோடைத் தண்ணீரும் உள்ள தென்னந்தோப்புகளில் ஜாதிக்காயை ஊடுபயிராகச் சோதித்துப் பார்க்கலாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னை விவசாயிகள் இதைச் செய்து வருகிறார்கள். ஒட்டுக்கன்றாக வாங்கினால் ஆண், பெண் குழப்பம் இல்லை. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும்.

கிராம்பு விதை ஒரு வாரத்துக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும். பழுத்தவுடன் எடுத்து உடனே விதைக்க வேண்டும். பூமொட்டு பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும்போது, விரியுமுன் கொய்ய வேண்டும். நான்கைந்து நாள் வெயிலில் காய்ந்தால் நல்ல பழுப்பு நிறம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஐந்தாண்டில் கடன் அடைந்துவிடும் என்று கணக்குப் போட்டு இம்மரங்களை நடக்கூடாது. அப்படி நட்டவர்தான் ஆறாம் ஆண்டு மனம் வெறுத்துக் கோடரியை எடுப்பார். பூக்க இருந்த மரம் விறகாகும். வீட்டுச் செலவைத் தேங்காயும் நெல்லும் தாங்கட்டும். நான்கு தென்னைக்கு நடுவே ஒரு கன்றாக, முதலில் பத்து, இருபது மட்டும் வைத்துப் பாருங்கள். போட்ட கணக்கு தவறினாலும் கன்று பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள். கன்று வாங்குமுன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் மண்ணையும் நீரையும் காட்டி ஆலோசனை பெறுவது நல்லது.