கடுகுக்கு ஒரு கொத்து

ஏட்டில் எழுதிய முன்னோர் இடத்தின் அருமை அறிந்தவர். சொல்லுக்குச் சொல் வெளி விடாது, செய்யுளை அடி பிரிக்காது எழுதிச் சென்றனர். கணினியோ அதற்கு மாறான இயல்பினது. அஃது எழுத்தை எண்ணி இடம் கொடுப்பதில்லை. பாத்திரத்தால் அளந்தே கொடுக்கும்.

அப்பாத்திரத்தை ஆங்கிலேயர் கிளஸ்டர் என்பர். தமிழிற் கொத்து எனலாம். யாழ்ப்பாணத்தார்க்கு அரிசி அளக்கும் கொத்தும் உடன் நினைவுக்கு வரும், பொருத்தமும் அதுவே. ஒரு கொத்துள் ஒரு கோப்பே இருக்கலாம். கோப்பு கடுகளவினதாயினும் கொத்து முழுவதும் அதற்கே உரியதாகும். எஞ்சிய வெளியிற் பிறிதொரு கோப்புப் புகுதல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ‘அறம்’ என்னும் சொல்லை மட்டும் ஒரு கோப்பில் எழுதுக. யூனிக்கோட்டின் யு.ரி.எப்.-8 முறையில் அ, ற, ம, புள்ளி என்னும் நான்கும் தனித்தனி மூன்று பைற்று பெறும். ஆக 12 பைற்று. இலக்கணத்தில் அரை மாத்திரையே பெறும் மெய், இங்கே உயிரினும் இருமடங்கு இடங்கொள்வது விந்தையே. அக்கோப்பினை எக்ஸ்ஃபாட் முறையில் அமைந்த 64 கிகாபைற்றுப் பென் ட்ரைவில் இடுக. அங்கே கொத்தின் வழக்கமான அளவு 131,072 பைற்று. பன்னிரண்டு பைற்றுக்கு அத்துணை இடமும் செலவாகும். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்ப்பின், ‘அளவு’ என ஒன்றும் ‘வட்டில் கொள்ளும் அளவு’ என வேறொன்றும் காட்டப்படுவது இக்காரணம் பற்றியே.

அற்றேல், கொத்தைச் சிறிதாக்கினால் என்னை எனின், கணக்கு மிகும். எக்கொத்து எவர்க்குரியது எனக் கணினி பதிவேடு வைத்தல் வேண்டும். கொத்துச் சிறுத்தால் பதிவேடு பெருக்கும். படம், ஒலி போன்ற பெருங்கோப்புகளுக்குப் பெருங்கொத்தே நன்று. 1996இல் எப்.ஏ.ரி.32 வருமுன், 2 கிகாபைற்று வட்டுப் பகுதியிற் கொத்து 32,768 பைற்றாயிருந்தது. அதன்பின் 4,096 ஆயிற்று. விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். முறையிலும் வழக்கமான கொத்து 4,096 பைற்றே. அதிலொரு நயமும் உண்டு: மிகச் சிறிய கோப்பைப் பதிவேட்டின் உள்ளேயே எழுதிவிடும், தனிக் கொத்து வேண்டாம்.

இதனால் நமக்காவது யாது? திருக்குறளைக் கருதுக. குறளொன்று பெரும்பாலும் 200 பைற்றுக்குள் அடங்கும். 1330 குறளும் ஒரே கோப்பாயின், மேற்கூறிய பென் ட்ரைவில் மூன்று கொத்துப் போதும். குறளுக்கொரு கோப்பாயின் 1330 கொத்து வேண்டும். அவை 17 கோடி பைற்றுக்கு மேலாகும். நூல் ஒன்றே, வைத்த முறையே வேறு.

இன்று மாணவர் பலர் ஊர்தோறும் தாலாட்டு, ஒப்பாரி முதலியவற்றைக் கேட்டெழுதிப் பாட்டுக்கொரு கோப்பாகச் சேர்க்கின்றனர். ஆயிரக்கணக்கிற் கோப்புப் பெருகி, ‘இடமில்லை’ எனக் கருவி கூறியவுடன், எதை அழிப்போம் என ஆராயத் தொடங்குவர். பாடிய மூதாட்டி மறைந்தபின் அழித்த பாட்டை எவரிடம் கேட்பது? அழித்தற்கு முன் ஒன்று சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஓரூர்ப் பாடல்களை ஒரு கோப்பாகத் தொகுத்தால் வீண்போன வெளி மீளும்.

ஆயின், ஒரு கோப்புப் பழுதுறின் தொகுதி முழுவதும் பழுதுறலாம். ஆதலின் தொகுத்ததற்குப் படி எடுத்து, வேறிடத்தும் வைத்தல் கடன். மீட்ட இடத்தை அப்படிக்கே பயன்படுத்துக.