பழைய வட்டு பேசுமா?

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காமடோர் நிறுவனம் ‘காமடோர் 64’ என்னும் வீட்டுக் கணிப்பொறியை 595 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது ஒரு தடித்த தட்டச்சுப் பலகை, அவ்வளவுதான். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துவிட்டால் கணக்குப் போடும், படம் வரையும், இசை எழுப்பும். அதன் நினைவகம் 64 கிலோபைட். மின்சாரத்தை நிறுத்தியதும் அந்த நினைவகத்தில் இருந்த யாவும் மறைந்துவிடும். எழுதியதைக் காப்பாற்றி வைக்கப் பலருக்கும் துணை நின்றது பிளாப்பி வட்டு.

அந்நிறுவனம் 1994இல் மூடப்பட்டது. ஆயினும் அக்கணிப்பொறிகளை இன்றும் இயக்கி மகிழ்வோர் பல நாடுகளில் இருக்கின்றனர். அவர்களுடைய பெட்டிகளில் பழைய வட்டுகளும் இருக்கின்றன. ஒருவர் பள்ளிப் பருவத்தில் எழுதிய நிரல், ஒரு தந்தை தட்டெழுதிய கடிதம், ஒரு சிறு கடையின் கணக்கு என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றில் இருக்கலாம். அவற்றை இன்று படிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் அவசரப்பட்டால், படிக்கும் முயற்சியே வட்டை அழித்துவிடவும் கூடும். ஏன் என்பதை அறிய, வட்டு எவ்வாறு வேலை செய்கிறது என்று முதலில் காண்போம்.

எழுதுவதும் படிப்பதும்

உறையினுள் இருப்பது 5¼ அங்குல அளவுள்ள மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. டிரைவில் உள்ள காந்தத் தலை மிகச் சிறிய ஒரு மின்காந்தமே. அதில் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால், அடியில் சுழலும் பூச்சின் காந்தத் திசையும் மாறிப் பதிகிறது.

படிக்கும்போது பாரடேயின் தூண்டல் விதி உதவுகிறது. காந்தப் புலம் மாறாமல் இருந்தால் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தோன்றாது, மாறும்போதுதான் தோன்றும். ஆகவே திசைமாற்றம் வந்தால் அது ‘1’. வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் அது ‘0’.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தொடர்ந்து பத்து ‘0’ வந்தால் என்ன செய்வது? தாளம் போடாமல் நெடுநேரம் நிறுத்திவிட்டுச் சரியான இடத்தில் பாட்டை எடுக்க எத்தனை பேரால் முடியும்? மோட்டாரின் வேகம் சற்றே பிசகினாலும் எண்ணிக்கை தவறிவிடும் அல்லவா? இதற்குக் காமடோர் பொறியாளர்கள் கையாண்ட வழி எளியது. ஒவ்வொரு நான்கு பிட்டையும் ஐந்து பிட்டாக மாற்றி எழுதினார்கள். ஐந்து பிட்டில் 32 வடிவங்கள் உண்டு. எந்த வரிசையில் அமைந்தாலும் இரண்டு ‘0’க்கு மேல் தொடர்ந்து வராத 16 வடிவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள். தாளம் தவறவில்லை.

தடங்களின் கணக்கு

வட்டு நிமிடத்திற்கு 300 முறை சுழல்கிறது. அதில் 35 வட்டத் தடங்கள் உள்ளன. வெளித் தடம் நீளமானது. உள் தடம் குறுகியது. எனவே வெளியே உள்ள 17 தடங்களில் தடத்திற்கு 21 பகுதிகளும், உள்ளே உள்ள ஐந்து தடங்களில் தடத்திற்கு 17 பகுதிகளும் வைத்தார்கள். மொத்தம் 683 பகுதிகள். பகுதிக்கு 256 பைட். பெருக்கிப் பாருங்கள்: 1,74,848 பைட். இன்றைய கைபேசி எடுக்கும் முப்பது இலட்சம் பைட் அளவுள்ள ஒரே ஒரு புகைப்படத்தைச் சேமிக்க இத்தகைய வட்டுகள் 18 வேண்டும்!

‘1541’ எனப்படும் இந்த டிரைவினுள் தனியாக ஒரு நுண்செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அதாவது, டிரைவே ஒரு சிறு கணிப்பொறி. வெளித் தடம் ஒன்றில் உள்ள 5,376 பைட்டும் ஐந்தில் ஒரு விநாடியில் தலையைக் கடந்துவிடும். ஆனால் அவை கணிப்பொறிக்குப் போய்ச் சேர்ந்த வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 400 பைட்தான். 40,000 பைட் கொண்ட நிரலுக்கு 100 விநாடி காத்திருக்க வேண்டும். வட்டு சோம்பேறியல்ல, இடையில் இருந்த கம்பியில் ஒவ்வொரு பிட்டாக, மென்பொருளே கைப்பிடித்து அனுப்ப வேண்டியிருந்ததுதான் காரணம். டிரைவின் நுண்செயலிக்கே புது நிரலை ஏற்றி இவ்வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தும் வழியைப் பின்னர் நிரலாளர்கள் கண்டுபிடித்தனர்.

படிக்கும்முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, மின்சாரம். இக்கணிப்பொறியின் பழைய மின்வழங்கிப் பெட்டியில் பழுது நேர்ந்தால் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் உயர்ந்து நினைவகச் சில்லுகள் எரிந்துவிடும். வோல்ட்மானியால் அளந்து பாராமல் இணைக்காதீர்கள். புதிய மின்வழங்கி அமைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இரண்டாவது, வட்டின் மேற்பரப்பு. உறையிலுள்ள நீள்துளை வழியே பாருங்கள். பூஞ்சைப் புள்ளிகளோ கீறல்களோ தெரிந்தால் டிரைவில் இடாதீர்கள். காந்தத் தலை வட்டைத் தொட்டுக்கொண்டே வேலை செய்கிறது. பூச்சு தளர்ந்திருந்தால் தலை அதை உரித்தெடுத்துவிடும். உரிந்த துகள் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தலையைத் துடைத்து, வேண்டாத வட்டு ஒன்றைக் கொண்டு சோதித்த பிறகே அரியதை இடவேண்டும். உறையின் ஓரத்திலுள்ள சதுர வெட்டை ஒளிபுகாத ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் டிரைவ் தவறியும் அதில் எழுத இயலாது.

மூன்றாவது, தலையின் இடம். தலை முதல் தடத்திற்கு வந்துவிட்டதா என்று உணரும் உறுப்பு இந்த டிரைவில் இல்லை. ஆகவே வட்டைப் புதிதாக வடிவமைக்கும்போதும், பிழை நேரும்போதும் அது தலையைத் தடுப்பில் முட்டும்வரை பின்னுக்குத் தள்ளும். ‘கடகட’வென்று கேட்கும் ஓசை அதுவே. முட்டி முட்டித் தலை இடம் பிசகுவது உண்டு. தடத்திற்குத் தடம் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்தான். பிசகிய தலையால் எழுதப்பட்ட வட்டு, அதே டிரைவில் நன்றாகப் படிக்கும். மற்றதில் வெறுமையாகத் தோன்றும்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறலாம். ஒரு டிரைவில் படிக்காத வட்டைக் கெட்டது என்று எறிந்துவிடக் கூடாது. வேறொன்றில் இட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, வட்டுகளை எழுதிய அதே டிரைவ் கிடைத்தால், பழுது பார்ப்பதற்காக அதன் தலையை உடனே திருத்திவிடாதீர்கள். முதலில் வட்டுகளைப் படித்துவிடுங்கள், திருத்தம் பிறகு. சீராக்கிய டிரைவுக்குத் தன் பழைய எழுத்தே புரியாமல் போகலாம்!

முதல் வாசிப்பே பிரதியாகட்டும்

பழைய வட்டு ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது தேய்கிறது. எனவே முதன்முறை படிக்கும்போதே முழுப் பிரதி எடுத்துவிட வேண்டும். காந்தத் திசைமாற்றங்களின் கால இடைவெளிகளை அப்படியே பதிவு செய்து இன்றைய கணிப்பொறிக்கு அனுப்பும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. டிரைவைப் போலவே நடிக்கும் நினைவக அட்டைக் கருவிகளும் உண்டு. பிரதியை அதில் வைத்துப் பழைய கணிப்பொறியில் எத்தனை முறை வேண்டுமானாலும் இயக்கலாம். மூல வட்டு உறையில் ஓய்வு பெறட்டும்.

துகள்கள் காந்தத் திசையைப் பல பத்தாண்டுகள் நினைவில் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் முதலில் தளர்வது அவற்றைப் பிடித்திருக்கும் பசையே. ஆகவே இப்பணியில் காலம் தாழ்த்தலாகாது. உங்களுக்குத் தெரிந்தவர் எவரிடமேனும் இத்தகைய வட்டுகள் இருப்பின், ஈரமும் வெயிலும் ஒலிபெருக்கிக் காந்தமும் அணுகாத இடத்தில், உறையோடு நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். படிக்கும் வசதி கிடைக்கும்வரை அவ்வட்டுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி அதுவேயாகும்.