ஃபோர்ஸ்கோலினும் பீட்டா தடுப்பான் சோதனையும்

ஃபோர்ஸ்கோலின் என்பது மருந்துக்கூர்க்கன் செடியின் வேர்க்கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வேதிப்பொருள் ஆகும். இச்செடி துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி மாவட்டங்களில் பயிரிடப்படுகிறது. இப்பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது 1970களில் இந்திய ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டது.

கண்டுபிடிப்பு

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும், மும்பையில் இயங்கிய ஹோக்ஸ்ட் நிறுவன ஆய்வு மையமும் இச்செடியைத் தனித்தனியே ஆராய்ந்தன. லக்னோ குழுவினர் தாம் பிரித்த பொருளைக் கோலியோனால் என்றனர். மும்பைக் குழுவினர் ஃபோர்ஸ்கோலின் என்றனர். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் உறுதியானது. மயக்கமூட்டப்பட்ட பூனைகளிலும் எலிகளிலும், மரபுவழியில் தானாகவே மிகை இரத்த அழுத்தம் உருவாகும் எலிகளிலும் இது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்தது. இதயத் தசையின் சுருங்கும் விசையையும் இது கூட்டியது.

பீட்டா தடுப்பான் எதற்கு?

அட்ரினலின் போன்ற பொருள்கள் இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் பொருந்தி, அதன் விசையைக் கூட்டுகின்றன. புதிய மருந்தும் அதே வழியில் செயல்படுகிறதா என்பதை அறியப் புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான் முதலில் செலுத்தப்படும். ஏற்பிகள் நன்கு அடைபட்டனவா என்பதை, அவற்றைத் தூண்டும் ஐசோபுரொட்டரினாலைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். அதன்பின் புதிய மருந்தைக் கொடுக்கும்போது விளைவு மறைந்தால், அது பீட்டா ஏற்பி வழியே செயல்படுகிறது எனலாம்.

ஃபோர்ஸ்கோலினின் விளைவு மறையவில்லை. எனவே அது ஏற்பியைச் சாராமல் செயல்படுவது தெரிந்தது. அது அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதியை நேரடியாகத் தூண்டி, உயிரணுவுக்குள் வளைய ஏஎம்பி அளவை உயர்த்துகிறது என 1981இல் சீமன், டேலி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இதனால் உலகெங்கும் உயிரணு ஆய்வுகளில் இது இன்றியமையாத கருவியானது.

நோயாளிக்கு என்ன பயன்?

இத்தகைய சோதனைக்கு இன்னொரு நோக்கமும் உண்டு. இரத்தக் குழாயை விரிக்கும் ஹைட்ரலசின் போன்ற மருந்துகளால் இதயத் துடிப்பு விரைவுபடும். பீட்டா தடுப்பான் அதனைக் கட்டுப்படுத்தும். மாறாக, வெரபமில் மருந்துடன் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். எந்த இணை நன்மை தரும், எது தீங்கு தரும் என்பதற்கு முதல் அறிகுறி விலங்குச் சோதனையில் கிடைக்கிறது.

எனினும் மயக்க மருந்தே இரத்த அழுத்தத்தை மாற்றும். விலங்கின் உடல் மருந்தைக் கையாளும் விதமும் மனித உடலிலிருந்து வேறுபடும். ஆகவே விலங்கில் கிடைத்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது. இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை.

ஃபோர்ஸ்கோலின் இரத்த அழுத்த மாத்திரையாகப் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் உடல் எடை குறைப்புக்கான துணை உணவாக விற்கப்படுகிறது. இரத்த அழுத்த மருந்து உட்கொள்வோர் இதையும் சேர்த்து உண்டால் அழுத்தம் மேலும் இறங்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது.