பல்லோர் ஆடும் மாயவுலகு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக எண்ணினார். விளையாட்டைச் சிறார்க்கே உரியதென ஒதுக்காது, ஆராய்தற்குரிய பொருளாக வைத்த மரபு நம்முடையது. அம்மரபை ஒட்டி, இக்காலத்து இளைஞர் பலரின் இரவுப் பொழுதைக் கவர்ந்துகொண்ட ஒருவகை விளையாட்டை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத ஆயிரக்கணக்கானோர் கணினி வழியாக ஒரே கற்பனையுலகினுட் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, ஆண்டுக்கணக்காக ஆடும் விளையாட்டு அது. ஆங்கிலத்தில் அதன் பெயர் நீண்டது. அதன் எழுத்துச் சுருக்கமோ வாயில் நுழையாதது. ‘கூட்டுப் பாத்திர விளையாட்டு’ என்று ஈண்டு வழங்குவோம்.

நம் துறைமுகப் பட்டினத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் ‘பப்ஜி’, ‘ஃப்ரீ ஃபயர்’ முதலியவற்றோடு இதனை ஒன்றெனக் கருதலாகாது. அவற்றில் ஆடுகளம் அரைமணி நேரம் நிலைத்தாலே பெரிது. ஒருவரோ ஓர் அணியோ எஞ்ச, ஏனையோர் மடிந்ததும் களம் கலைந்துவிடும். அடுத்த ஆட்டம் வெறுந்தரையிலிருந்து தொடங்கும். நாம் கூறப்புகும் உலகமோ ஆடுபவன் உறங்கும்போதும் இருப்பது. நேற்று ஈட்டிய பொருள் இன்றும் பெட்டகத்திற் கிடக்கும். நேற்றுப் பகைத்தவர் இன்றும் பகைவராய் எதிர்ப்படுவர். நிலைபேறு என்னும் இவ்வொரு பண்பே விளையாட்டை உலகமாக்குகின்றது. உலகம் என ஒன்று அமைந்துவிடின், அதன் எல்லை யாது, அவ்வெல்லையை வகுப்பவர் யாவர் என்னும் வினாக்களும் உடனெழும்.

இவ்விளையாட்டுக்கள் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வினாவை எழுப்பிய ஒருவர் திருகோணமலைக்குப் புதியவர் அல்லர். ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக் 1956 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, மைக் வில்சன் என்பாரோடு சுவாமி மலையடியிற் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டவர். அதே 1956 இல் அவருடைய ‘நகரமும் விண்மீன்களும்’ என்னும் நாவல் வெளிவந்தது. பல கோடி ஆண்டுகளுக்குப் பிற்பட்ட டயஸ்பார் என்னும் மூடிய நகரின் கதை அது. அந்நகர மாந்தர் தத்தம் அறையிற் கிடந்தபடியே, பொறி புனையும் வீரக்கதையொன்றனுள் ஒருங்கே புகுந்து பொழுதுபோக்குவர். நாவல் தொடங்குவதே அத்தகையதொரு குகைப் பயணத்தின் நடுவில்தான். குகையை விட்டு வெளியேறி மேலே சென்று பார்ப்போம் என்கின்றான் ஆல்வின் என்னும் இளைஞன். அவ்வளவுதான், மாயை கலைந்துவிடுகின்றது. அவன் நாடிய வெளிக்கு அக்கதையில் இடமில்லை. ஆட்டத்தைக் கெடுத்தாய் என்று தோழர் அவனைக் கடிந்துகொள்கின்றனர்.

கிளாக் காட்டிய பொறி எல்லை மீறியவனுக்குக் கதையை நிறுத்திவிட்டது. பின்னர் மெய்யாகவே தோன்றிய விளையாட்டுலகங்களில் நிகழ்ந்ததோ வேறு. இவ்வகையின் முதற்கால ஆக்கங்களுள் ஒன்று 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் றுப்ஷோ என்னும் மாணவர் தொடங்கி, றிச்சட் பாட்டில் என்னும் மாணவர் வளர்த்தெடுத்தது. அதிற் படமே இல்லை. காடும் கோட்டையும் கடலும் யாவும் எழுத்தாலாயவை. 1997 இல் வந்த ‘அல்ற்றிமா ஒன்லைன்’ படங்களோடு பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் வெள்ளோட்டம் நடந்தபோது, அவ்வுலகைப் படைத்த றிச்சட் கரியற் தாமே அரசர் வேடம் பூண்டு குடிகள்முன் தோன்றினார். தம் பாத்திரத்துக்குரிய சாகாவரத்தை இயக்கிவைக்க அவர் மறந்துவிட்டார். கூட்டத்தில் நின்ற ஒருவன் மந்திரத் தீயொன்றை வீசினான். அரசர் மாண்டு வீழ்ந்தார். படைத்தவனையே படைக்கப்பட்ட உலகிற் கொல்ல முடிந்தது என்பதைப் புராணம் படித்த நாம் வியப்போடு நோக்குவோம்.

இவ்வுலகங்களுள் மிகப் பெரும் புகழ் பெற்றது பிளிசாட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேள்ட் ஒஃப் வோர்கிராஃப்ற்’ ஆகும். 2010 இல் அதற்குச் சந்தா செலுத்தியோர் தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தைத் தாண்டியது. அவ்வுலகின் பெயர் அசெறொத். அங்குப் புகுவோன் முதலில் தன் அணியைத் தெரிதல் வேண்டும். மனிதர், குள்ளர் முதலியோர் ஓரணி. ஓர்க் என்னும் பச்சைமேனியர், எருதுத்தலையர், செத்தும் சாகாதோர் முதலியோர் மற்றோர் அணி. தொடக்கத்தில் அணிக்கு நான்காக எட்டு இனங்கள் இருந்தன. இரு அணியினரும் எதிர்ப்பட்டால் ஒருவர் தட்டச்சிடும் சொல் மற்றவர் திரையிற் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோன்றும். பகையை வளர்க்க மொழியைப் பிரித்துவிட்டாற் போதும் என்பதை நிறுவனத்தார் அறிந்திருந்தனர். இந்நாட்டு வாசகர்க்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனத்தை அடுத்துத் தொழில். போர்வீரன், பூசகன், மந்திரவாதி, வேட்டுவன் எனத் தொடக்கத்தில் ஒன்பது தொழில்கள் இருந்தன. ஊரவர் இடும் சிறு பணிகளை முடித்து, விலங்கும் பூதமும் வென்று, ஒவ்வொரு படியாக ஏறவேண்டும்; அக்காலத்தில் அறுபதாம் படியே உச்சம். இறந்தவன் ஆவியாகி இடுகாட்டில் எழுவான். அங்கிருந்து ஓடித் தன் உடல் கிடக்குமிடம் சேர்ந்தால் உயிர்பெறலாம். ஆதலின் சாவு அங்கு முடிவன்று. காலவிரயமும் கவசத் தேய்வுமே அதன் தண்டனை.

உச்சியை அடைந்தபின்னரே மெய்யான ஆட்டம் தொடங்குகின்றது என்பர். பெருங்குகைகளிற் குடிகொண்ட அரக்கரை வெல்ல நாற்பதின்மர் ஒருங்கு சேர்தல் வேண்டும். அவருள் அடிதாங்குவோர் சிலர், காயம் ஆற்றுவோர் சிலர், தாக்குவோர் பலர். ஆற்றுவோர் கண்ணயர்ந்தால் நாற்பதின்மரும் மடிவர்; தாக்குவோன் ஆர்வ மிகுதியால் முந்தினாலும் அஃதே கதி. இதனால் குழுக்கள் அமைந்தன. குழுவுக்குத் தலைவர், வருகை நேரம், ஒழுங்கு ஆகியனவும் அமைந்தன. அரக்கன் வீழ்ந்தால் கிடைப்பதோ இரண்டொரு அரும்பொருள், வேண்டிநிற்போர் நாற்பதின்மர். யாருக்குக் கொடுப்பது? பல குழுக்கள் உறுப்பினரின் வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளியிட்டுக் கணக்கேடு வைத்து இதனைத் தீர்த்தன. இக்கணக்கு முறையை நிறுவனம் வகுத்துக் கொடுக்கவில்லை, ஆடுவோரே கண்டனர். கூட்டுறவுச் சங்கக் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர்க்கு அதன் நுட்பம் நன்கு விளங்கும்.

இனி, அவ்வுலகின் எல்லை உடைந்த வரலாற்றைக் கூறவேண்டும். 2005 செப்ரெம்பரில் சுல்குருப் என்னும் புதிய கோயிற்குகை திறக்கப்பட்டது. அதன் இறுதியில் ஹக்கார் என்னும் குருதித் தெய்வம். அத்தெய்வம் தன்னோடு பொருதவருக்குக் கெட்ட குருதி நோயை ஏற்றும். அந்நோய் அருகில் நிற்பவரைப் பற்றும். உச்சப்படி வீரர் ஒருவாறு தாங்குவர். நோய் குகைக்குள்ளேயே நிற்கும் என்பது ஆக்கியோர் எண்ணம். ஆனால் வேட்டுவர் தம் வளர்ப்பு விலங்குகளை நோயோடு உள்ளடக்கி, நகரம் திரும்பி, மீண்டும் வெளியே விட்டனர். சந்தையில் நின்ற புதியவர்கள் நொடிப்பொழுதில் மாண்டனர். நிறுவனம் அமைத்த கடைக்காரப் பாத்திரங்களோ, தாம் சாகாது நோயை மட்டும் பரப்பிக்கொண்டிருந்தன. அயன்ஃபோர்ஜ், ஓக்ரிமார் முதலிய பெருநகரத் தெருக்களில் எலும்புக்கூடுகள் குவிந்தன.

அப்போது மக்கள் நடந்துகொண்ட வகையே அறிஞரைக் கவர்ந்தது. காயம் ஆற்றும் தொழிலினர் சிலர் தாமாக வந்து அயலாரைக் காக்க முயன்றனர். சிலர் நகரை விட்டு ஓடினர். சிலர் வேடிக்கை பார்க்க வந்து நோயேற்றுச் சென்றனர். வேண்டுமென்றே பிறர்க்கு நோயைப் பரப்பி மகிழ்ந்தோரும் இருந்தனர். நிறுவனம் தனிமைப்படுத்தக் கூறியது, கேட்டார் சிலரே. முடிவில் கணினிகளை நிறுத்தித் தொடக்கியும், விதிகளைத் திருத்தியுமே நோயை ஒழித்தனர். 2007 இல் எரிக் லொஃப்கிறென், நினா ஃபெஃபர்மன் ஆகியோர் இதனை ஆராய்ந்து ‘லான்செற்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினர். நோய் பரவும் வேகத்தைக் கணக்கிடலாம். நோய்க்கு அஞ்சும் மனிதன் யாது செய்வான் என்பதைக் கணக்கிடுவது அரிது. அதற்கு இத்தகைய உலகங்கள் உதவக்கூடும் என்பது அவர் கருத்து. 2020 மார்ச்சில் நம் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்ட நாட்களில், உலகின் பல இதழ்கள் அக்கட்டுரையைத் தேடியெடுத்தன.

கிழக்கு மாகாணத்தார்க்கு இதில் ஒரு வியப்பு உண்டு. நம் ஊர்களிற் கண்ணகியம்மனைச் சார்ந்து நிகழ்ந்த கொம்புமுறி விளையாட்டிலும் ஊர் முழுதும் வடசேரி, தென்சேரி என இரு அணியாகப் பிரியும். கோவலன் பக்கம் ஒன்று, கண்ணகி பக்கம் மற்றொன்று. இரு கொம்புகளைக் கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். மழை பொய்த்தபோதும் அம்மை முதலிய நோய் பரவியபோதும் அன்னையின் சினந்தணிய இதனை ஆடினர். விளையாட்டால் நோயைத் துரத்த முயன்றனர் நம் முன்னோர். அசெறொத்திலோ விளையாட்டினுள்ளேயே நோய் பிறந்தது. எனினும் இரண்டிலும் பாத்திரத்தை ஏற்றவன் அதனை வெறும் பாத்திரமாக எண்ணி ஆடவில்லை என்பதே நோக்கத்தக்கது.

நோயேயன்றிப் பொருளும் எல்லை கடந்தது. ‘எவர்குவெஸ்ற்’ என்னும் விளையாட்டின் நொறத் உலகப் பொருட்களை மக்கள் மெய்யான டொலருக்கு விற்றதைக் கொண்டு, எட்வேட் கஸ்ற்றொனோவா என்னும் பொருளியலறிஞர் 2001 இல் கணக்கிட்டார். நொறத்தின் தலைக்குரிய வருமானம் 2,266 டொலர் என வந்தது. அக்கால இலங்கையின் தலைக்குரிய வருமானத்தினும் அஃது இருமடங்குக்கு மேல்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதன் தீமையையும் அறிவர். இரவெல்லாம் விழித்து, காலையில் மேசைமேல் தலைசாய்க்கும் மாணாக்கனைக் காணாத வகுப்பு இன்று அரிது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு மீளாமையை நோய் வகைப்பாட்டிற் சேர்த்துள்ளது. அவ்வகைப்பாடு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. தென்கொரியா 2011 இல் பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவுக்குப்பின் இணையவழி ஆடுவதைச் சட்டத்தால் தடுத்தது. பத்தாண்டுக்குப்பின் அச்சட்டத்தைத் தானே நீக்கிக்கொண்டது. சட்டத்தால் மட்டும் ஆவதன்று போலும். ஆயினும் ஆடுபவன் தனித்திருக்கின்றான், காலத்தை வீணாக்குகின்றான் என்ற முடிவுக்கு வருமுன்னர், நோர்வே நாட்டில் நிகழ்ந்த ஒன்றை அறிந்திருத்தல் நன்று.

மாற்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர் 1989 இற் பிறந்தவர். தசைகள் படிப்படியாக நலியும் டுஷேன் நோய் அவரைச் சிறுபருவத்திலேயே சக்கர நாற்காலியில் இருத்தியது. வளர்ந்தபின் வீட்டின் கீழ்த்தளத்தில், கணினியின் முன் பெரும்பொழுதைக் கழித்தார். மகன் நட்பும் காதலும் பிறர்க்குப் பயன்படும் வாய்ப்பும் அறியாமலே வாழ்கின்றான் என்று பெற்றோர் வருந்தினர். அவர் 2014 நவம்பரில், இருபத்தைந்தாம் வயதிற் காலமானார். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை இட்டார். யாரும் படிப்பர் என அவர் பெரிதும் எதிர்பார்க்கவில்லை. மடல்கள் வந்துகொண்டே இருந்தன.

அசெறொத்தில் அவர் பெயர் இபெலின். ‘ஸ்ரார்லைற்’ என்னும் குழுவினர் அவரை ஆண்டுக்கணக்காக அறிவர். அவர் நடக்கமாட்டாதவர் என்பதை மட்டும் நெடுங்காலம் அறிந்திலர். அங்கே இபெலின் நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுவார். தன்னோடு பேசாதிருந்த மகனை நெருங்க ஒரு தாய்க்கு வழி சொன்னவர் அவர். படிப்பிற் பின்தங்கினாள் என்று ஒல்லாந்துச் சிறுமி ஒருத்தியின் பெற்றோர் அவளுக்கு விளையாட்டைத் தடுத்தபோது, அதனால் அவள் இழப்பது யாது என விளக்கி அவர்களுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. ஆசிரியன் அக்கடிதத்தைப் பெற்றோர் பக்கம் நின்றே படிக்க முற்படுவான். படித்து முடித்தபின் எந்தப் பக்கம் நிற்பான் என்று துணிந்துரைக்க என்னால் இயலவில்லை. குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடற் பதிவுகளே பல்லாயிரம் பக்கம். அவற்றைக் கொண்டு பெஞ்சமின் றீ 2024 இல் ஓர் ஆவணப்படம் ஆக்கினார்.

ஒஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, அதுவரை மாற்ஸை நேரிற் கண்டிராத குழுவினர் சிலர் வேற்று நாடுகளிலிருந்து வந்திருந்தனர். அவருள் ஒருவர் எழுந்து பேசினார். நாம் இங்குக் கூடியிருக்கும் இவ்வேளையில், ஒல்லாந்தில் ஒரு வகுப்பறையிலும், அயர்லாந்தில் ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்திலும், சுவீடனில் ஒரு நூலகத்திலும் மாற்ஸுக்காக மெழுகுதிரிகள் எரிகின்றன என்று அவர் பெற்றோரிடம் கூறினார்.