கைகண்ட மருந்து

பத்திரிகையின் ஓரத்திலும் வீதியோர மதில்களிலும், இந்நாளிற் கைத்தொலைபேசித் திரையிலும், இடையறாது தோன்றும் மருந்து விளம்பரங்களைத் தமிழ் கற்பிப்போன் ஒருவன் நோக்கும்போது அவன் கருத்தை முதலில் ஈர்ப்பது மருந்தன்று, வாக்கிய அமைப்பே. "சலரோகமா? கவலையை விடுங்கள்!" என்பது போன்ற தொடரில் வினா உண்டு, ஏவலும் உண்டு. மருந்து நோயைத் தீர்க்கும் என்னும் கூற்று உண்டா? இல்லை. அதனை இட்டு நிரப்பிக்கொள்பவர் படிப்பவரே. "பல்லாயிரவர் பயன்பெற்றனர்" என்பதிலுள்ள எழுவாய்க்கு ஊருமில்லை, பேருமில்லை. "கைகண்ட மருந்து" என்பது இன்னும் நயமானது. யாருடைய கை கண்டது? எத்தனை பேரிடத்து? எத்துணைக் காலம்? விளம்பரம் விடை பகராது.

சித்த வைத்தியத்தைப் பழித்தல் நம் கருத்தன்று. உண்மையில், இவ்விளம்பரங்களால் முதலில் இழுக்குறுவது அவ்வைத்தியமே. நம் ஊர்ப் பரியாரியார் நாடி பார்ப்பார். வயது, உடல்வாகு, ஊண், உறக்கம் யாவற்றையும் வினவுவார். மருந்தோடு பத்தியமும் விதிப்பார். விளம்பரக்காரரோ முகமறியாத ஒருவரின் ஆராயப்படாத நோய்க்குப் போத்தலை நீட்டுகிறார். "பத்தியம் தேவையில்லை" என்பதையே தம் மருந்தின் சிறப்பாகவும் கூறுகிறார்!

"இயற்கையானது, ஆதலாற் பக்கவிளைவற்றது" என்கின்றனர். இந்த "ஆதலால்" என்னும் சொல்லே யாவற்றினும் இடர் தருவது. பெல்ஜியத்தின் தலைநகரான பிரசெல்சில், உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றமை 1993 இல் மருத்துவ உலகிற்கு வெளியாயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்துச் செடி சேர்ந்துவிட்டதே காரணம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் விளைவிக்கும். நம் நாட்டு வைத்தியத்தில் வழங்கும் ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அவ்வினத்தனவே. இனி, இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்ததென 2008 இல் அறிவித்தனர்.

மருந்தே நஞ்சாதல் ஒருபுறமிருக்க, பெருந்தீங்கு வேறிடத்துளது. விளம்பரத்தை நம்பிய சலரோகி, வைத்தியசாலையில் தந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார். சில திங்கள் நோவொன்றும் தோன்றாது. தோன்றாமையே புதுமருந்து பலித்ததற்குச் சான்றென எண்ணுவார். (இன்சுலினையே நம்பி வாழும் சிறுவராயின் நாட்கணக்கிலேயே உயிருக்கு மோசம் வந்துவிடும்.) குருதியில் மிகுந்த சர்க்கரையோ ஓசையின்றிச் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை அரித்துக்கொண்டிருக்கும். மாளிகாவத்தையிலுள்ள சிறுநீரக வைத்தியசாலையைக் கொழும்பு மாணவர் அறிவர். சிறுநீரகம் செயலிழத்தற்கு உலகெங்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று சலரோகம். அந்நிலை எய்தியோர் பெரும்பாலும் வாரத்தில் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பிணைந்திருத்தல் வேண்டும். அன்றேல் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருத்தல் வேண்டும்.

பாமரரே இவ்வாறு மயங்குவர் என்பாருமுளர். 2020 டிசம்பரிற் கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையைச் சேர்ந்த தம்மிக்க பண்டார என்பார், தேனும் சாதிக்காயும் சேர்த்து ஆக்கிய பாணியொன்று கொவிட் நோயை வாழ்நாள் முழுவதும் தடுக்கும் என்றார். செய்முறை காளிதேவி அருளியது என்றும் உரைத்தார். கூட்டங்கூடலாகாது என்னும் விதியையும் மறந்து ஆயிரக்கணக்கானோர் அதனைப் பெற நெருக்கியடித்து நின்றனர். அப்பாணியை வெளிப்படையாக அருந்திக் காட்டியவர் அந்நாட் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. 2021 ஜனவரியில் அவருக்கே அந்நோய் தொற்றியது.

நிற்க, சட்டம் இதனைத் தடுக்காதோ என்று கேட்கலாம். அண்டை நாடாகிய இந்தியாவில் இத்தகைய விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டம் 1954 முதலே உண்டு. எனினும் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2024 இல் அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்தார் பத்திரிகைகளில் மன்னிப்புக் கோரினர். முன்னர் வெளியிட்ட விளம்பரங்களின் அளவிலேயே அம்மன்னிப்பும் அச்சிடப்பட்டதா என நீதிபதிகள் வினவினர். மறுநாட் பத்திரிகையில் வந்த மன்னிப்பு முன்னையதினும் பெரிதாயிருந்தது.