பழைய பிக்கப் வண்டிகளில் தீப்பொறிச் செருகி

தீப்பொறிச் செருகி என்பது பெட்ரோலில் இயங்கும் உள்ளெரி எந்திரத்தின் உருளைக்குள், அழுத்தப்பட்ட காற்று-எரிபொருள் கலவையை மின்பொறியினால் எரியூட்டும் சிறு கருவி ஆகும். பட்டறைகளில் இது ஸ்பார்க் பிளக் என்றும், சுருக்கமாகப் பிளக் என்றும் வழங்கப்படுகிறது. டீசல் எந்திரங்களில் அழுத்தத்தால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால் அவற்றுக்கு இச்செருகி தேவைப்படுவதில்லை.

பிக்கப் வண்டி என்பது முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சுமைத்தட்டும் கொண்ட சிறு சுமையுந்து ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1960கள் முதல் 2000கள் வரை விற்கப்பட்ட பெட்ரோல் பிக்கப் வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. இவற்றில் செருகி மாற்றுவது உரிமையாளர்கள் தாமே செய்துகொள்ளும் வேலைகளுள் ஒன்று. செருகி விலை குறைந்த உறுப்பாயினும், பொருந்தாத செருகியைத் தேர்வதாலும் முறை தவறிப் பூட்டுவதாலும் உருளைத்தலையின் மரை அழிதல், உந்துதண்டு உருகுதல் போன்ற பெருஞ்செலவு வைக்கும் சேதங்கள் ஏற்படக்கூடும்.

வரலாறு

பிரான்சில் வாழ்ந்த எத்தியேன் லெனுவார் 1860 இல் உருவாக்கிய வளிம எந்திரத்தில் மின்பொறியால் எரியூட்டும் முறை பயன்படுத்தப்பட்டது. எனினும், 1902 இல் செருமனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் பணிபுரிந்த கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்தக் காந்த மின்னாக்கியையும் அதற்கேற்ற செருகியையும் வடிவமைத்த பின்னரே இம்முறை தானுந்துகளில் பரவியது. 1908 இல் ஆல்பர்ட் சாம்பியன் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் செருகி செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஏசி என்னும் வணிகப்பெயர், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செருகிகளுக்கு உரியதாயிற்று.

ஃபோர்டு நிறுவனம் 1925 இல் தன் டி மாதிரித் தானுந்தைத் தொழிற்சாலையிலேயே சுமைத்தட்டு பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் எஃப் வரிசை வண்டிகள் 1948 ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமாயின.

அமைப்பும் செயற்பாடும்

செருகியின் நடுவில் நடு மின்முனை உள்ளது. அதனைச் சுற்றி அலுமினாவால் ஆன வெண்ணிறப் பீங்கான் காப்பு உள்ளது. வெளிப்புறம் மரை வெட்டப்பட்ட எஃகு உடலும், அதன் அடியில் வளைந்து நிற்கும் தரை மின்முனையும் அமைந்துள்ளன. இரு மின்முனைகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியிலேயே பொறி தோன்றுகிறது.

மின்கலத்தின் 12 வோல்ட்டு மின்னழுத்தத்தை எரியூட்டுச் சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் பகிர்வி, இம்மின்னழுத்தத்தை உரிய வரிசையில் ஒவ்வோர் உருளைக்கும் கம்பி வழியே அனுப்புகிறது. நான்கடி எந்திரத்தில் வணரித்தண்டின் இரு சுற்றுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு செருகியும் பொறி விடும். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் ஓடும் எந்திரத்தில் ஒரு செருகி நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. ஒவ்வொரு பொறியும் மின்முனையைச் சிறிது அரிப்பதால் நாளடைவில் இடைவெளி அகன்று, பொறி தவறத் தொடங்குகிறது. சுமையேற்றி மேட்டில் ஏறும்பொழுது உருளையினுள் அழுத்தம் மிகுவதால் தேய்ந்த செருகியின் குறை அப்போதே முதலில் புலப்படும்.

தேர்வு செய்தல்

செருகியைத் தேர்ந்தெடுக்கும்பொழுது பின்வருவன கருதப்பட வேண்டும். வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் எந்திர மூடியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிலும் இவ்விவரங்கள் காணப்படும்.

மரையின் அளவு: பெரும்பாலான பழைய பிக்கப் எந்திரங்கள் 14 மிமீ விட்டமுள்ள மரையைக் கொண்டவை. மரைப்பகுதியின் நீளமும் சரியாக இருத்தல் வேண்டும். நீளம் மிகுந்தால் செருகியின் நுனி உந்துதண்டிலோ வால்விலோ மோதக்கூடும். நீளம் குறைந்தால் பொறி குழிக்குள் ஒடுங்கிவிடும். வெளிப்பட்டு நிற்கும் மரையில் கரி படிந்து, பின்னர் சரியான செருகியும் நுழையாமற் போகும்.

இருக்கை: சில செருகிகள் வாஷரை நசுக்கி அடைப்பை உண்டாக்குபவை. வேறு சில வாஷர் இன்றிக் கூம்பு வடிவ இருக்கையால் அடைப்பவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டலாகாது. ஜெனரல் மோட்டார்ஸின் சிறுவகை வி8 எந்திரங்கள் 1970களின் தொடக்கத்தில் வாஷர் செருகியிலிருந்து கூம்பு இருக்கைச் செருகிக்கு மாறின. எனவே 350 கன அங்குல எந்திரம் என்ற பெயரை மட்டும் கொண்டு செருகி வாங்குவது சரியன்று. உருளைத்தலை பின்னாளில் மாற்றப்பட்டிருந்தால் வண்டியின் ஆண்டும் பயன்படாது. கழற்றிய செருகியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெப்ப எண்: காப்பின் நுனி ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் அதிற் படியும் கரி எரிந்து நீங்கும். ஏறத்தாழ 850 பாகையை மிகவும் கடந்தால் பொறிக்கு முன்னரே கலவை தீப்பற்றும். வெப்பத்தை விரைவாக உருளைத்தலைக்குக் கடத்துவது குளிர்ச்செருகி எனவும், மெதுவாகக் கடத்துவது வெப்பச்செருகி எனவும் அழைக்கப்படுகின்றன. இங்குப் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. என்ஜிகே, டென்சோ ஆகிய சப்பானிய நிறுவனங்களின் குறியீட்டில் எண் பெருகப் பெருகச் செருகி குளிர்ந்த வகையாகும். ஏசி, சாம்பியன், பாஷ், ஆட்டோலைட் ஆகியவற்றில் எண் பெருகினால் அது வெப்ப வகையாகும். ஆகவே நிறுவனம் மாற்றும்பொழுது எண்ணை ஒப்பிடாமல், நிகர்ப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும்.

மின்தடை: குறியீட்டில் ஆர் எழுத்துடைய செருகிகளில் பொதுவாக 5000 ஓம் அளவிலான மின்தடை உள்ளது. இது வானொலி இரைச்சலைக் குறைக்கிறது. மின்னணு எரியூட்டும் கணினிக் கட்டுப்பாடும் உள்ள வண்டிகளில் மின்தடையற்ற செருகி கோளாறுகளை விளைவிக்கலாம்.

மின்முனையின் உலோகம்: செப்புச் செருகி என விற்கப்படுவதில் செம்பு உள்ளகத்தில் மட்டுமே உள்ளது, வெளியே தெரிவது நிக்கல் கலவையாகும். இவ்வகை பொதுவாக 30,000 முதல் 50,000 கிமீ வரை உழைக்கும். பிளாட்டினம், இரிடியம் நுனியுடையவை அதனினும் பன்மடங்கு உழைப்பவை. எனினும், எண்ணெய் உண்ணும் பழைய எந்திரத்தில் விலைமிக்க செருகியும் விரைவில் கரி பிடிக்கும் என்பதால் அங்கு நிக்கல் வகையே சிக்கனமானது.

குறியீட்டைப் படித்தல்

என்ஜிகே நிறுவனத்தின் பிபிஆர்5இஎஸ் என்னும் குறியீட்டில், முதல் பி 14 மிமீ மரையையும், அடுத்த பி முன்னே நீட்டிய காப்பையும், ஆர் மின்தடையையும், 5 வெப்ப எண்ணையும், இ 19 மிமீ மரை நீளத்தையும், எஸ் வழக்கமான நடு மின்முனையையும் குறிக்கின்றன. ஏசி நிறுவனத்தின் ஆர்45டிஎஸ் என்பதில், ஆர் மின்தடையையும், 4 14 மிமீ மரையையும், 5 வெப்ப எண்ணையும், டி கூம்பு இருக்கையையும், எஸ் நீட்டிய நுனியையும் குறிக்கின்றன.

இடைவெளி

தொடுமுனைகளைக் கொண்ட பழைய எரியூட்டு முறையில் செவ்ரோலெட் சிறுவகை வி8 எந்திரத்துக்கு 0.035 அங்குல (0.9 மிமீ) இடைவெளி வழக்கமாக இருந்தது. 1975 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய உயர் ஆற்றல் எரியூட்டு முறைக்கு, மாதிரியைப் பொறுத்து, 0.045 அங்குலம் (1.1 மிமீ) போன்ற அகன்ற இடைவெளிகள் தரப்பட்டன. டொயோட்டாவின் 22ஆர் எந்திரத்துக்கு 0.8 மிமீ குறிக்கப்பட்டுள்ளது.

புதிய செருகியையும் அளந்து பார்த்தே பூட்ட வேண்டும். கம்பி வகை அளவி நிக்கல் செருகிகளுக்கு ஏற்றது. தரை மின்முனையை மட்டுமே வளைக்க வேண்டும். நடு மின்முனையை நெம்புகோலாகக் கொண்டால் பீங்கான் விரிசலுறும். இரிடியம், பிளாட்டினம் செருகிகளின் நுனி மெல்லியது ஆதலால் அவற்றை நாணய வடிவ அளவியால் நெருக்கக் கூடாது.

மாற்றும் முறை

1. எந்திரம் முழுதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான அலுமினிய உருளைத்தலையில் செருகியைக் கழற்றினால் மரையும் உடன் பெயர்ந்து வரக்கூடும்.

2. கம்பிகளுக்கு எண்ணிட்டு அடையாளம் இட வேண்டும். ஒரு செருகியை மாற்றி முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவது பாதுகாப்பானது. செவ்ரோலெட் சிறுவகை வி8 எந்திரத்தின் பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு உருளை எந்திரத்துக்கு அது 1-5-3-6-2-4 ஆகும். வரிசை மாறினால் எந்திரம் உதறும் அல்லது பின்வெடிப்பு நிகழும்.

3. கம்பியை இழுக்காமல், அதன் ரப்பர் உறையைப் பிடித்துச் சிறிது திருகிக் கழற்ற வேண்டும்.

4. செருகியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் அழுத்தக் காற்றால் ஊதி அகற்ற வேண்டும். இதைச் செய்யாவிடில் அவை உருளைக்குள் விழும்.

5. உள்ளே ரப்பர் பிடிப்புள்ள செருகிச் சாக்கெட்டை நேராகப் பொருத்திக் கழற்ற வேண்டும். சாய்ந்தால் பீங்கான் உடையும்.

6. புதிய செருகியைக் கையாலேயே திருகித் தொடங்க வேண்டும். கைக்கு எட்டாத இடங்களில் செருகியின் மேல்முனையில் ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டித் திருகலாம். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கி எச்சரிக்கும். ஸ்பானரால் தொடங்குவது மரை அழிவுக்கு முதற்காரணம்.

7. கையால் இறுகிய பின், புதிய வாஷர் செருகியை அரை முதல் மூன்றில் இரு பங்கு சுற்று இறுக்கினால் போதும். கூம்பு இருக்கையுடையதற்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதுமானது. இரண்டையும் ஒரே அளவில் இறுக்குவது பிழை. கையேட்டில் குறித்த முறுக்குவிசையை அதற்குரிய ஸ்பானரால் அளந்து இறுக்குவதே சிறந்தது.

8. ரப்பர் உறையின் உட்புறம் சிறிது மின்காப்புக் கிரீசு தடவிக் கம்பியை மாட்ட வேண்டும். மரையில் ஒட்டெதிர்ப்புப் பசை தடவினால் உராய்வு குறைந்து, அதே முறுக்குவிசையில் செருகி மிகையாக இறுகிவிடும். உலோகப் பூச்சுள்ள செருகிகளுக்கு அப்பசை வேண்டுவதில்லை என்று தயாரிப்பாளர் சிலர் கூறுகின்றனர்.

செவ்ரோலெட் வி8 எந்திரத்தில் அருகருகே உள்ள 5, 7 ஆம் உருளைகள் அடுத்தடுத்துப் பொறி விடுகின்றன. அவற்றின் கம்பிகள் ஒட்டி ஓடினால் ஒன்றின் மின்னழுத்தம் மற்றொன்றில் தூண்டப்பட்டு, 7 ஆம் உருளை காலத்துக்கு முன்பே பற்றக்கூடும். ஆகவே இவ்விரு கம்பிகளையும் விலக்கி அமைத்தல் வேண்டும்.

கழற்றிய செருகி உணர்த்துவன

கழற்றிய செருகிகளை உருளை வரிசையில் அடுக்கிப் பார்த்தால் எந்திரத்தின் நிலை விளங்கும்.

* இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எரிதல் சீராக உள்ளது.
* உலர்ந்த கருமை: எரிபொருள் மிகுந்த கலவை, அடைபட்ட காற்று வடிகட்டி, அல்லது மிகக் குளிர்ந்த செருகி.
* எண்ணெய் ஈரம்: தேய்ந்த உந்துதண்டு வளையங்கள் அல்லது வால்வு அடைப்புகள்.
* வெளுத்த, கொப்புளமிட்ட காப்பு: மிகை வெப்பம். எரிபொருள் குறைந்த கலவை, முந்திய பொறிக்காலம், அல்லது மிக வெப்பமான செருகி இதற்குக் காரணமாகலாம். இதனைக் கவனியாது விட்டால் உந்துதண்டு உருகக்கூடும்.

ஒரே ஒரு செருகி மட்டும் வேறுபட்டிருந்தால் குறை அவ்வுருளையைச் சார்ந்தது. எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் குறை பொதுவானது.

ஃபோர்டு டிரைட்டன் எந்திரங்கள்

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த இரு வால்வு டிரைட்டன் எந்திரங்களின் அலுமினியத் தலைகளில் செருகியைப் பிடிக்க ஏறத்தாழ நான்கு சுற்று மரையே இருந்தது. இதனால் சில வண்டிகளில் செருகி மரையுடன் பிய்த்துக்கொண்டு வெளியே எறியப்பட்டது. மரையுறை செருகி இதனைப் பழுது பார்ப்பர்.

2004 முதல் 2008 வரையிலான எஃப்-150 வண்டிகளில் இடம்பெற்ற 5.4 லிட்டர் மூவால்வு எந்திரத்தில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இதன் செருகி இரு துண்டுகளால் ஆனது. அடியில் நீண்ட குழாய் வடிவத் தரை மின்முனை உண்டு. அக்குழாயைச் சுற்றிக் கரி இறுகுவதால், கழற்றும்பொழுது மேற்பகுதி மட்டும் வந்து, அடிப்பகுதி தலைக்குள் சிக்கிக்கொள்கிறது. ஃபோர்டு 2008 இல் வெளியிட்ட பணிமனை அறிவுறுத்தலின்படி, குளிர்ந்த எந்திரத்தில் செருகியை எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்தி, குழியில் கார்புரேட்டர் தூய்மி ஊற்றிக் குறைந்தது 15 நிமிடங்கள் ஊறவிட வேண்டும். பின்னர் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருகிக் கழற்ற வேண்டும். காற்றழுத்தத் தாக்குக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது. புதிய செருகியின் தரை மின்முனைக் குழாயில் நிக்கல் ஒட்டெதிர்ப்புப் பசையை மெல்லியதாகத் தடவி, 34 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டும். மரையில் பசை படக்கூடாது.

உடைந்த துண்டை எடுக்கத் தனிக் கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றாலும் இயலாதபோது உருளைத்தலையையே கழற்ற நேரிடும். ஆகவே இவ்வண்டிகளில் செருகிகளை நெடுங்காலம் கழற்றாமல் விடுவது சிக்கனமாகத் தோன்றினாலும், கரி மேலும் இறுகிச் செலவைப் பெருக்கும்.